பார்க்காமல் ஓட்டும் வண்டி: மாணவர் ரோவர் போட்டிகள் எதைச் சோதிக்கின்றன?

நிலவிலும் செவ்வாயிலும் ஓடி ஆராயும் வண்டிக்குப் பெயர் ரோவர். மாணவர்கள் அப்படி ஒன்றைச் செய்து ஓட்டும் ரோவர் போட்டி என்றதும் பெரும்பாலோர் மனதில் வரும் காட்சி ஒன்றுதான்: செம்மண் மேட்டில் ஆறு சக்கர வண்டி ஒன்று தட்டுத்தடுமாறிப் பாறைமேல் ஏறுகிறது, சுற்றி நிற்கும் மாணவர்கள் கைதட்டுகிறார்கள். வீடியோக்களில் அதுதான் வருகிறது. ஆனால் அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள் அந்தக் காட்சியில் இருக்கவே மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி, வெளியே எதுவும் தெரியாதபடி மறைக்கப்பட்ட கூடாரம் போன்ற ஓர் இடத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று திரைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வண்டி கவிழ்ந்துபோனால்கூட அவர்களுக்குத் தெரிவது, கேமரா படத்தில் அடிவானம் திடீரென்று சாய்ந்தது மட்டும்தான்.

வண்டியோடு கூடவே நடந்துபோகும் அணி உறுப்பினர் ஓரிருவர் உண்டு. எந்தச் சக்கரம் புதைந்திருக்கிறது, எந்த வயர் பிடுங்கிக்கொண்டு தொங்குகிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் உள்ளே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தி வண்டியை நிறுத்தலாம், அவ்வளவுதான். கைவைத்துச் சரிசெய்ய வேண்டுமென்றால் அதைத் 'தலையீடு' என்று முறைப்படி அறிவிக்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நடக்கும் போட்டியில் அப்படி ஒவ்வொரு முறைக்கும் அந்தப் பணியின் மதிப்பெண்ணில் 20 சதவீதம் போய்விடும்.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இந்தப் போட்டிகளில் மற்ற எல்லாமே புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். நன்றாக ஓடுகிற வண்டியைச் செய்வது பாதி வேலை. நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தனக்கு என்ன ஆனது என்று நமக்குச் சொல்லத் தெரிந்த வண்டியைச் செய்வது மீதிப் பாதி, நிறைய அணிகள் சறுக்குவது அங்கேதான்.

மனிதர் ஏறும் வண்டி, மனிதர் இல்லாத வண்டி

இந்தப் போட்டிகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பழைய குடும்பம் நாசாவுடையது. அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1994-இல் 'கிரேட் மூன்பக்கி ரேஸ்' என்ற பெயரில் தொடங்கியது, 2014-இல் 'ஹியூமன் எக்ஸ்ப்ளோரேஷன் ரோவர் சேலஞ்ச்' என்று பெயர் மாறியது. பள்ளி மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் இருவரும் கலந்துகொள்ளலாம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏறி உட்கார்ந்து பெடல் மிதித்து, பள்ளமும் சரளையும் செயற்கைப் பாறைகளும் நிறைந்த பாதையைக் கடக்க வேண்டும். (2025-இல் தொலைவிலிருந்து இயக்கும் வண்டிகளுக்கும் தனிப் பிரிவு வந்துவிட்டது.)

ஹன்ட்ஸ்வில்லில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்போலோ 15, 16, 17 பயணங்களில் நிலவில் ஓடிய வண்டியை உருவாக்கும் வேலையை மேற்பார்வை பார்த்தது அங்கே இருக்கும் மார்ஷல் விண்வெளி மையம். அந்த வண்டி பூமியில் சுமார் 210 கிலோ எடை. நிலவில் இறங்கும் கலத்தின் பக்கவாட்டில் மடித்துச் செருகி எடுத்துப்போனார்கள், இறங்கியதும் கயிறுகளை இழுத்து விரித்தார்கள். மாணவர் வண்டியும் மடங்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், விரித்து ஓட்டத் தயாராக்கவும் நேரம் கணக்கு உண்டு என்றெல்லாம் விதி வந்தது அங்கிருந்துதான். சக்கரத்தில் காற்றடைத்த டயர் கூடாது என்ற விதியும் அப்படியே. நிலவின் வெற்றிடத்திலும், பகலில் நூறு டிகிரியைத் தாண்டி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் அப்பால் போகும் வெப்பநிலையிலும் சாதாரண ரப்பர் டயரை நம்ப முடியாது. அப்போலோ வண்டியின் சக்கரம் துத்தநாகப் பூச்சுள்ள எஃகுக் கம்பியில் பின்னிய வலை, அதன்மேல் டைட்டானியம் பட்டைகள். அதைப் பார்த்துவிட்டு தங்கள் பட்டறையில் மாற்று தேடும் மாணவர்கள் ஸ்பிரிங், உலோகப் பட்டை, நெகிழ்வான பிளாஸ்டிக் என்று எதையெல்லாம் முயல்கிறார்கள் என்று பார்ப்பதே தனி சுவாரசியம்.

இரண்டாவது குடும்பத்தில் வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள். அதில் பெயர் பெற்றது 'யுனிவர்சிட்டி ரோவர் சேலஞ்ச்'. செவ்வாய்ப் பயணத்தை ஊக்குவிக்கும் மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு 2007 முதல் நடத்துகிறது, யூட்டாவின் ஹேங்க்ஸ்வில் ஊருக்கு அருகே இருக்கும் செவ்வாய்ப் பாலைவன ஆய்வு நிலையத்தில். போலந்தில் 2014 முதல் 'யூரோப்பியன் ரோவர் சேலஞ்ச்', கனடாவின் டிரம்ஹெல்லரில் ஒன்று, துருக்கியில் ஒன்று, இந்தியாவில் ஒன்று என்று இந்தக் குடும்பம் வேகமாக வளர்ந்திருக்கிறது. யூட்டா போட்டிக்கு இப்போதெல்லாம் ஆண்டுக்கு நூறு அணிகளுக்கு மேல் விண்ணப்பிக்கின்றன, அறிக்கையையும் வீடியோவையும் பார்த்து அதில் மூன்றில் ஒரு பங்கு அணிகளைத்தான் பாலைவனத்துக்கு அழைக்கிறார்கள். அதாவது முதல் போட்டி களத்துக்குப் போவதற்கு முன்பே, காகிதத்திலும் கேமரா முன்னாலும் நடந்து முடிந்துவிடுகிறது.

இரண்டு குடும்பங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இரண்டு பழைய சம்பவங்கள் போதும். 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர் யூஜீன் செர்னன் நிலவு வண்டியின் பின்சக்கர மட்கார்டைச் சுத்தியல் பட்டுத் தெரியாமல் உடைத்துவிட்டார். நிலவுத் தூசி கூர்மையானது, வண்டி ஓடும்போது அது மழைபோல மேலே கொட்ட ஆரம்பித்தது. என்ன செய்தார்கள்? வரைபட அட்டைகள் நான்கை டேப் போட்டு ஒட்டி, கலத்தில் இருந்த கிளாம்ப்களை வைத்து இறுக்கிப் புது மட்கார்டு செய்துகொண்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்தார், கை இருந்தது, வேலை முடிந்தது. இன்னொரு சம்பவம் செவ்வாயில். 2009-இல் நாசாவின் ஸ்பிரிட் ரோவர் மென்மணலில் புதைந்தது. பூமியில் பொறியாளர்கள் மணல் பெட்டி ஒன்றில் அதே மாதிரியான ரோவரைப் புதைத்து, வெளியே எடுக்க மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். கடைசிவரை எடுக்க முடியவில்லை. அங்கே போய் ஒரு பலகையைச் சக்கரத்துக்கு அடியில் செருக ஓர் ஆள் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலையாக இருந்திருக்கும். மாணவர்களுக்கு 20 சதவீதம் அபராதம் போடுவது, இல்லாத அந்த ஆளுக்கான விலை.

எடை, அப்புறம்தான் எல்லாம்

யூட்டா விதிப்படி களத்தில் இறங்கும் ரோவர் 50 கிலோவைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு பணிக்கும் மாற்றி மாட்டும் பாகங்கள் எல்லாம் சேர்த்து 70 கிலோ. தாண்டினால் கிலோவுக்கு 5 சதவீதம் மதிப்பெண் குறையும். 1.2 மீட்டர் கனசதுரத்துக்குள் அடங்கவும் வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ரோபோ கையைச் செய்பவர்கள் தங்களுக்குத் தடிமனான அலுமினியம் வேண்டும் என்பார்கள், மண் தோண்டும் கருவி செய்பவர்கள் இன்னொரு மோட்டார் வேண்டும் என்பார்கள், பேட்டரிக்காரர் இரண்டாவது பேட்டரி இல்லாமல் பொறுப்பேற்க மாட்டேன் என்பார். ஒவ்வொருவர் கேட்பதும் நியாயம்தான், கூட்டிப் பார்த்தால் 61 கிலோ வரும். அந்தப் பதினொரு கிலோவை யாரிடமிருந்து பிடுங்குவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில்தான் ஒரு மாணவர் முதன்முதலாகப் பொறியாளர் ஆகிறார் என்று எனக்குத் தோன்றும்.

உண்மையான ரோவர்களிலும் இதுதான் கதை. 1997-இல் செவ்வாயில் ஓடிய சோஜர்னர் பத்தரைக் கிலோதான். 2023-இல் நிலவின் தென்பகுதியில் ஓடிய பிரக்யான் 26 கிலோ. செவ்வாயில் ஓடும் பெர்சிவரன்ஸ் ஆயிரத்து இருபத்தைந்து கிலோ. எடை கூடியதும் இறக்கும் முறையே மாற வேண்டியிருந்தது: ஸ்பிரிட் காற்றுப் பைகளில் குதித்துக் குதித்து இறங்கியது, கியூரியாசிட்டி என்ற இன்னொரு செவ்வாய் ரோவருக்கும் பெர்சிவரன்ஸுக்கும் அது தாங்காது என்பதால் மேலே மிதக்கும் கலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

மாணவர்களுக்கு ராக்கெட் இல்லை, ஆனால் அதே வேலையைச் செய்யும் வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை: பயணிகள் விமானம். கடல் தாண்டி வரும் அணியின் ரோவர் பெட்டி பெட்டியாகப் பிரிய வேண்டும், ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பேட்டரி இன்னும் சிக்கல். பயணி ஒருவர் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கொண்டுபோக முடியாது, ரோவர்களில் சாதாரணமாகப் போடும் 22.2 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே 222 வாட்-மணி வந்துவிடும். அதனால் சின்னச் சின்ன பேட்டரிகளாகப் பிரித்து வடிவமைக்க வேண்டும், அல்லது போய் இறங்கிய நாட்டில் வாங்கிப் பொருத்த வேண்டும். உள்ளூர் அணி சோதித்த பேட்டரியோடு வருகிறது, தூரத்திலிருந்து வரும் அணி நேற்று வாங்கிய பேட்டரியோடு களம் இறங்குகிறது. ரோவருக்கான செலவுக்கு விதிகளில் உச்சவரம்பு இருக்கிறது, இலவசமாகக் கிடைத்த பாகத்துக்கும் சந்தை விலையைக் கணக்கில் காட்ட வேண்டும், இதெல்லாம் நல்ல விதிகள். ஆனால் பயணச் செலவுக்கும் விசாவுக்கும் உச்சவரம்பு போட முடியாது, தரவரிசையைப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரை கறுத்துப்போகும் அந்த நாற்பது விநாடி

இனி களத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ரோவர் மணல் சரிவில் ஏறுகிறது. சக்கரங்கள் வழுக்குகின்றன, ஓட்டுபவர் கூடுதல் வேகம் கொடுக்கிறார். சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு இறங்குகிறது, ஒரு கட்டத்தில் சுழலவே முடியாமல் நிற்கிறது. சுழல முடியாத மோட்டார் சாதாரணமாக இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆறு மோட்டார்களும் ஒரே நேரத்தில் அப்படி இழுத்தால் பேட்டரியின் வோல்டேஜ் ஒரு நொடி சரிகிறது. மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதே பேட்டரியில்தான் ரோவரின் கம்ப்யூட்டரும் ஓடுகிறது, அது அந்த ஒரு நொடியைத் தாங்காமல் அணைந்து மறுபடி துவங்குகிறது.

கூடாரத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது, திரை கறுத்துவிட்டது என்பது மட்டும்தான். கம்ப்யூட்டர் விழுந்ததா? ரேடியோ போய்விட்டதா? கேமரா வயர் மட்டும் கழன்றதா? அல்லது வண்டியே பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டதா? நான்குக்கும் வேறு வேறு வைத்தியம். முதலாவது என்றால் நாற்பது விநாடி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் தானாக வரும். கடைசி என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் வீண், உடனே தலையீடு கேட்க வேண்டும். கடிகாரம் ஓடுகிறது, பணிக்கு மொத்தமே அரைமணி நேரம் என்றால் இங்கே தவறாக முடிவெடுத்த அணி அதோடு அந்தப் பணியை இழந்துவிடலாம்.

தேறிய அணிகள் இதை முன்கூட்டியே யோசித்திருப்பார்கள். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சிறிய பேட்டரி வைத்திருப்பார்கள், அல்லது வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் சர்க்யூட். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்துக்கு மென்பொருளிலேயே வரம்பு இருக்கும். முக்கியமாக, வீடியோவுக்கு ஒரு வழி, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று விநாடிக்கு ஒருமுறை சொல்லும் சின்னச் செய்திக்கு இன்னொரு வழி என்று இரண்டு ரேடியோ வைத்திருப்பார்கள். படம் போனாலும் அந்தச் சின்னச் செய்தி வந்துகொண்டிருந்தால், சரி, வண்டி உயிரோடு இருக்கிறது, கேமராவில்தான் கோளாறு என்று இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். சாய்வைச் சொல்லும் ஒரு சென்சார் இருந்தால் கவிழ்ந்ததா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். இந்தச் சென்சாரின் விலை ரோபோ கையின் விலையில் ஒரு துளிகூட இல்லை. ஆனால் வீடியோவில் காட்டினால் யாரும் கைதட்ட மாட்டார்கள், அதனாலேயே புது அணிகள் இதைக் கடைசிவரை தள்ளிப்போடுகின்றன.

ரேடியோவிலும் இதே மாதிரிதான். பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 900 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வேலை நடக்கும். முதலாவது நிறைய தகவலைச் சுமக்கும், ஆனால் மேடு ஒன்று குறுக்கே வந்தால் திணறும். இரண்டாவது அவ்வளவு சுமக்காது, ஆனால் மேட்டைச் சுற்றி வளைந்து கொஞ்சமாவது வந்து சேரும். கல்லூரி மைதானத்தில் சோதித்தபோது ஒரு கிலோமீட்டர் கிடைத்ததே என்பார்கள், மைதானம் தட்டை. பாலைவனத்தில் ரோவர் முதல் மேட்டுக்குப் பின்னால் போனதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அப்போது படத்தின் தரத்தைக் குறைத்து, நிறத்தை எடுத்துவிட்டு, நான்கு கேமராவில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டப் பழகியிருக்கிறதா அந்த அணி? பழகாதவர்கள் அங்கேயே நிற்பார்கள். போலந்துக்கும் யூட்டாவுக்கும் ஒரே ரோவரைக் கொண்டுபோகும் அணிகளுக்கு இன்னொரு தலைவலி, ஐரோப்பாவில் 900 மெகாஹெர்ட்ஸ் வரிசை அமெரிக்காவில் போலத் திறந்துவிடப்படவில்லை, ரேடியோவையே மாற்ற வேண்டும்.

ஒரு பொத்தானை அழுத்துவது

யூட்டாவில் களப் பணிகள் நான்கு: பொருட்களைத் தேடி எடுத்துக் கொண்டுசேர்ப்பது, ஒரு மாதிரித் தரையிறங்கு கலத்தில் பழுதுபார்ப்பது, தானாகவே வழி கண்டுபிடித்துப் போவது, மண்ணை ஆராய்ந்து உயிர் இருக்கிறதா என்று சொல்வது. ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், முன்கூட்டியே அனுப்பும் அறிக்கைக்கும் வீடியோவுக்கும் இன்னொரு 100.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பழுதுபார்க்கும் பணி. கலத்தின் பலகையில் சுவிட்சுகள், குழாய்த் திருகுகள், ஒரு கீபோர்டு எல்லாம் இருக்கும். கீபோர்டில் சொன்ன எழுத்துகளை ரோபோ கை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஓர் எழுத்துப் பொத்தான் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். கையின் ஒவ்வொரு மூட்டிலும் கியர் கொஞ்சம் ஆடும், தோள் மூட்டில் அரை டிகிரி ஆட்டம் என்றால் ஒரு மீட்டர் தள்ளி விரல்நுனியில் அது ஒன்பது மில்லிமீட்டர், பக்கத்து எழுத்தைத் தட்டிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆழம். கேமரா படத்தில் விரல் பொத்தானுக்கு நேர் மேலே இருப்பது தெரியும், எவ்வளவு மேலே என்று தெரியாது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கிறதா, தொட்டுவிட்டதா? இதற்கு ஸ்டீரியோ கேமரா, தூரம் அளக்கும் லேசர் என்று பல வழிகள் உண்டு. ஆனால் அனுபவப்பட்ட ஓட்டுநர் நிழலைப் பார்ப்பார். வெயிலில் ரோபோ விரலின் நிழல் கீபோர்டில் விழும், விரல் இறங்க இறங்க நிழல் விரலை நோக்கி நகரும், இரண்டும் ஒன்றையொன்று தொடும் கணத்தில் விரல் பொத்தானைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். எந்த மென்பொருளும் வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க ஓட்டுநர் நூறு முறை தவறாகத் தட்டியிருக்க வேண்டும், அதற்குப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே ரோவர் முழுசாகத் தயாராகி இருக்க வேண்டும். கையின் கடைசி ஸ்க்ரூவைப் போட்டிக்கு முந்தின இரவு இறுக்கிய அணிக்கு நிழலைப் பற்றித் தெரிந்திருக்க வழியே இல்லை.

தானியங்கி ஓட்டம் பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டும், செய்பவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஜிபிஎஸ் புள்ளியைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ரோவரில் ஒரு விளக்கு இருக்கும்: தானாக ஓடினால் சிவப்பு, மனிதர் ஓட்டினால் நீலம், சேருமிடத்தைக் கண்டுகொண்டால் பச்சையாக மின்ன வேண்டும். ஜிபிஎஸ் பக்கத்தில்தான் கொண்டுபோய் விடும், சரியான இடத்தில் நிற்கக் கம்பத்தில் ஒட்டிய கறுப்பு வெள்ளைக் கட்டக் குறியைக் கேமராவில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அண்மைக் காலமாக ஆரஞ்சு நிற ரப்பர் சுத்தியல், தண்ணீர் பாட்டில் போன்ற சாதாரணப் பொருட்களையும் தேடச் சொல்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நூறு படங்களில் தொண்ணூற்றெட்டில் சுத்தியலைக் கண்டுபிடித்த மென்பொருள், மாலை வெயிலில் செம்பாறையெல்லாம் ஆரஞ்சாக ஒளிரும்போது பாறைக்கு முன்னால் நின்று பச்சை விளக்கை மின்னவிடக்கூடும்.

அறிவியல் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். மண்ணைத் தோண்டி எடுத்து, புரதம் இருக்கிறதா என்று ரோவருக்குள்ளேயே சோதிக்க வேண்டும், புரதம் இருந்தால் நீல நிறம் ஊதாவாக மாறும் பையூரெட் சோதனை போன்ற பள்ளிக்கூட வேதியியலும் வரும், ஒளிர்வை அளக்கும் கருவிகளும் வரும். பிறகு நடுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உயிரியலும் நிலவியலும் படித்தவர் அணியில் இல்லையென்றால் அங்கே பேச்சு நின்றுவிடும். நீல நிறம் ஊதாவாக மாறியது என்பது பதில் இல்லை. ஏற்கெனவே இருந்த அழுக்கால் மாறவில்லை என்று எப்படித் தெரியும் என்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மாதிரி ஒன்றையும் சோதித்தீர்களா என்பார்கள்.

இது எவ்வளவு தூரம் நிஜம்?

நியாயமான கேள்வி. மாணவர் ரோவர்கள் நடைவேகத்தில் ஓடுகின்றன. பெர்சிவரன்ஸின் உச்சவேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர் சொச்சம், பிரக்யான் விநாடிக்கு 1 சென்டிமீட்டர். மாணவர் ரோவருக்குக் கதிர்வீச்சு இல்லை, வெற்றிடம் இல்லை, ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், தாமதம் இல்லை. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் ரோவர் உடனே நகர்கிறது. நிலவுக்குச் சிக்னல் போக ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும், செவ்வாய்க்குத் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். அதனால் செவ்வாயில் யாரும் ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டுவதில்லை, அன்றைக்குச் செய்ய வேண்டியதை மொத்தமாக எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

தூரத்திலிருந்து ஓட்டுவதற்குப் பழைய உதாரணம் சோவியத் ஒன்றியத்தின் லூனகோட் 1. 1970-இல் நிலவில் இறங்கியது, ஐந்து பேர் கொண்ட குழு கிரைமியாவில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒன்றாக வந்துசேரும் படங்களைப் பார்த்து அதை ஓட்டியது. கூடாரத்தில் உடைந்துபோன வீடியோவைப் பார்த்துத் தடுமாறும் மாணவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. அப்புறம் 2020-இல் பெருந்தொற்றால் பயணம் நின்றபோது போலந்துப் போட்டி ஒரு புது வழி கண்டது. கீல்ட்சே நகரில் செயற்கைச் செவ்வாய்த் தரை அமைத்து, அதில் லியோ என்ற சிறிய ரோவரை வைத்து, உலகின் வேறு வேறு மூலைகளிலிருந்து அணிகளை இணையம் வழியாக ஓட்டவிட்டார்கள். வன்பொருள் எல்லோருக்கும் ஒன்றே, இணையத் தாமதம் இருக்கும், வண்டியைத் தொட வழியே இல்லை. கட்டாயத்தால் வந்த ஏற்பாடுதான் என்றாலும், அசலுக்கு மிக அருகே வந்தது அதுதான் என்பேன். பணமும் விசாவும் இல்லாத அணிகளுக்கும் அது கதவைத் திறந்துவிட்டது.

அப்படியென்றால் நேரடிப் போட்டிகளில் கற்பது உண்மையான விண்வெளி வேலைக்கு உதவாதா? உதவும், ஆனால் நேரடியாகத் தொழில்நுட்பம் வழியாக இல்லை. மாணவர் ரோவரின் ஆறு சக்கர அமைப்பு, நாசாவின் ஜேபிஎல் மையத்தில் டான் பிக்லர் 1980-களின் இறுதியில் வடிவமைத்த ராக்கர்-போகி அமைப்பின் வழிவந்தது, ஸ்பிரிங் இல்லாமலேயே ஆறு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதை நகலெடுப்பது கஷ்டமில்லை, ஜேபிஎல் 2018-இல் சிறிய ரோவர் ஒன்றின் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்தே விட்டிருக்கிறது. நகலெடுக்க முடியாதது வேறு: கோளாறு வரும் என்று முன்பே நம்புவது, அது எந்த வடிவில் வரும் என்று எழுதிவைப்பது, வந்தபோது பதறாமல் இருப்பது. ஸ்பிரிட்டின் முன்சக்கரம் ஒன்று 2006-இல் நின்றுபோனது. அதன்பிறகு பின்னோக்கி ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். 2007-இல் அப்படி இழுபட்ட சக்கரம் கீறிய பள்ளத்தில் வெள்ளை மண் தெரிந்தது, சிலிக்கா நிறைந்த மண், ஒரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கான வலுவான தடயம். பழுதான சக்கரத்தோடும் வேலையைத் தொடர ஒரு குழு தயாராக இருந்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாணவர் அணிகளின் மிகப் பெரிய பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை, ஆட்கள் மாறுவதில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒருவர் ரேடியோவைக் கரைத்துக் குடித்துவிடுகிறார், நான்காம் ஆண்டு முடிந்ததும் போய்விடுகிறார். அடுத்த ஆண்டு அணி பெட்டியைத் திறந்தால் நீல வயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரே தவறை ஒரே கல்லூரி மூன்று ஆண்டு தொடர்ந்து செய்வது இப்படித்தான். போலந்தின் பியாலிஸ்தோக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2011, 2013, 2014 ஆண்டுகளில் யூட்டாவில் முதலிடம் பிடித்தது, வண்டியின் பெயர் மாறியது, ஆட்களும் மாறியிருப்பார்கள், ஆனால் கற்றது கையை விட்டுப் போகவில்லை.

புதிதாக அணி ஆரம்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், சக்கரத்தையோ ரோபோ கையையோ வரைய உட்காராதீர்கள் என்பேன். முதல் வாரமே ஒரு பொம்மை ரிமோட் காரை எடுத்து, அதன்மேல் ஒரு மலிவான கேமராவைக் கட்டுங்கள். நண்பர் ஒருவர் காரை வேறு தளத்துக்குக் கொண்டுபோய், நாற்காலிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் இங்கிருந்து திரையை மட்டும் பார்த்துக் காரை அந்தத் தளத்தின் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடத்தில் கார் எதிலாவது மாட்டிக்கொள்ளும். எதில் மாட்டியது, எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதுங்கள், பிறகு மாடியேறிப் போய், நீங்கள் எழுதியதையும் கார் நிற்கும் விதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.